அறிந்தவன் கடன்

அறிவு பெற்றவனுக்கு அதனால் உரிமை மட்டும் வருகிறதா, கடமையும் உடன் வருகிறதா என்பது அறநூலார் நெடுங்காலம் ஆராய்ந்துவரும் வினா. இதற்கு விடைதேட அரசவைக்கோ ஆலயத்துக்கோ செல்ல வேண்டியதில்லை. கிள்ளானுக்கு வடக்கே உள்ள மேருவில், ஒரு பழைய பிக்கப் வண்டி பட்டறைக்குள் நுழையும் வேளையிலேயே அவ்வினா எழுந்துவிடுகிறது.

டோயோட்டா ஹைலக்ஸ் 1968 இலும் டாட்சன் 620 1972 இலும் வெளிவந்தன. அத்தலைமுறை வண்டி ஒன்றை நம்பிக் காய்கறி வாணிகம் நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வண்டி கரும்புகை கக்குகிறது; பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கிறது; சுமையோடு புறப்படுகையில் திணறுகிறது. “கார்புரேட்டர் போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்” என்று பட்டறைக்காரர் சொன்னால், அதை மறுக்கும் அறிவு வண்டிக்காரரிடம் இல்லை. பணத்தோடு நம்பிக்கையையும் சேர்த்தே அவர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கார்புரேட்டரின் வேலை அளந்து கலப்பது. குழாயின் குறுகிய இடத்தில் காற்று விரைகிறது. விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவே ஜெட் எனும் நுண்துளை வழியே பெட்ரோலை ஈர்க்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மிதவை ஓட்டையாகி அமிழ்ந்தாலும், ஊசி வால்வு தேய்ந்தாலும் பெட்ரோல் மிகுந்து கரும்புகை எழும். சோக் தகடு திறவாமல் சிக்கிக்கொண்டாலும், காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் எழுவது அதே புகைதான். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்த ஒழுங்கு பட்டறைக்கும் பொருந்தும். வடிகட்டியை மாற்றினால் தீரும் குறைக்குக் கார்புரேட்டரையே மாற்றிப் பணம் பெறுவது களவு. பிறருடைய அறியாமையே அக்களவுக்குச் சாவி.

அப்படியாயின், பழையதைப் பழுதுபார்ப்பதே எப்போதும் அறமாகுமா? ஆகாது. திராட்டில் தண்டு செல்லும் துளை ஆண்டுக்கணக்கில் தேய்ந்து அகன்றால், கணக்கில் வராத காற்று அவ்வழியே புகும். கேஸ்கெட்டையும் ஊசி வால்வையும் மாற்றினாலும் ஐட்லிங் நிலைக்காது. லேத்தில் கடைந்து புஷ் இறக்க வேண்டும். அதற்கு வழியில்லையெனில் மாற்றத்தான் வேண்டும். வண்டிக்காரரின் வறுமைக்கு இரங்கி, “கழுவிப் பூட்டினால் போதும்” என்பது இனிய பொய். ஒரு வாரத்தில் அவர் மீண்டும் வந்து நிற்பார். கொடுத்த கூலியும் வீண். இழந்த நாளும் வீண்.

மூன்றாம் நிலை இன்னும் கடினமானது. வலிமை கூடும் என்றெண்ணி, பெரிய கார்புரேட்டர் வேண்டுமென்று வண்டிக்காரரே கேட்கிறார். சிறிய எஞ்சினுக்கு மிக அகன்ற குழாயைப் பொருத்தினால், குறைந்த வேகத்தில் காற்றின் விரைவு தளரும். பெட்ரோல் நுண்துளியாகச் சிதறாது. சுமையோடு மெல்லப் புறப்படும் வண்டி முன்னினும் அதிகமாகத் திணறும். கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்பது வணிக நியாயமாகலாம். அவர் உண்மையில் விரும்பியது சுமை இழுக்கும் வலிமையை அன்றோ? முடிவு வண்டிக்காரருடையதே, ஆயினும் அது அறிந்து எடுத்த முடிவாதல் வேண்டும்.

இக்கடன் ஒருபக்கக் கடனுமன்று. புதிய பாகத்துக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுப்பவர், அரைமணி நேரம் சோதித்து “மாற்ற வேண்டாம்” என்று சொன்னவருக்குக் கூலி தரத் தயங்குகிறார். பாகத்தின் விலையில் மட்டுமே பட்டறைக்காரர் பிழைக்க இயலுமாயின், உண்மை சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் தம் உணவில் ஒரு பங்கை இழக்கிறார். வாய்மையை எதிர்பார்ப்போர் அதன் விலையையும் ஏற்கவேண்டும். தேய்ந்த ஊசி வால்வை வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைத்துக் குறையை விளக்குபவர் தம் அறிவைப் பகிர்ந்துகொள்கிறார். அவ்விளக்கத்துக்கும் கூலி தருபவர், அடுத்து வருபவரிடம் அவர் உண்மை பேச வழிசெய்கிறார்.