திருத்தம் வலித்தது என்று சொல்லலாமா?

ஆசிரியர் நம் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும் மனசுக்குள்ள ஏதோ ஒன்று ஆகிறது. அந்த ஏதோ ஒன்றை அவரிடமே சொல்லலாமா? சொன்னால் அது மரியாதைக் குறைவா? இல்லை, அதுவும் படிப்பின் ஒரு பகுதியா?

சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் எழுதுவதை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் சொல்லாமல் விழுங்கிய ஒரு வார்த்தை இருக்கும்.

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாதிப் பேருக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். சிலர் ரிமூவ் என்று நாம் சொல்லும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். வீட்டில் தமிழ், கடையில் மலாய், போனில் எல்லாம் கலந்து. ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழி. அந்த மூன்றாவது மொழியில்தான் அவர்களை அதிகம் திருத்துகிறார்கள்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஓகே அக்கா." அந்த ஓகேக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் திருத்தத்தைப் பற்றிப் பேசுவதையே ஒரு பாடமாக வைத்தேன்.

முறை ரொம்ப எளிது. கட்டுரை கைக்கு வந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. குறிப்புகளை முழுதாகப் படிக்கணும். பிறகு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதணும். முதல் வாக்கியம், "வென் ஐ ரெட் யுவர் கமென்ட், ஐ ஃபெல்ட்" என்று தொடங்கும். இரண்டாவது "பிகாஸ்" என்று காரணம் சொல்லும். மூன்றாவது "நெக்ஸ்ட் டைம், குட் யூ" என்று ஒன்று கேட்கும். இது முடிந்ததும் அதே கட்டுரையைத் திரும்ப எழுதணும். இந்தக் கடைசிப் படி யாருக்கும் விலக்கு இல்லை.

முதல் தடை இலக்கணத்தில் வந்தது. "ஐ ஆம் கன்ஃப்யூசிங்" என்று பலர் எழுதினார்கள். "நான் குழப்புகிறவன்" என்று அதற்கு அர்த்தமாகிவிடும். சொல்ல வந்ததோ "ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்", அதாவது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. "இங்", "எட்" என்ற அந்தச் சின்ன வால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே மாற்றிவிடுகிறது. "உங்கள் குறிப்பு குழப்புகிறது" என்பது குறிப்பின் மீது தீர்ப்பு. "நான் குழம்பிப்போனேன்" என்பது என் நிலைமை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலாவதை நிரூபிக்கணும். இரண்டாவதை நான் சொன்னால் போதும்.

இந்த வித்தியாசம் நம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. "நான் கோபம்" என்று நாம் சொல்வதில்லை. "எனக்குக் கோபம் வருது", "எனக்கு வெட்கமா இருக்கு" என்கிறோம். கோபம் எங்கிருந்தோ வருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, போகிறது. வந்தது வேறு, நான் வேறு. ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஆங்ரி" என்னும்போது நானும் கோபமும் ஒன்றாக ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு தோற்றம். அதனால்தான் என் வகுப்பில் ஒரு விதி: மனசில் வந்ததை முதலில் தமிழில் சொல்லு, அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம். வெட்கம் வேறு, அவமானம் வேறு, கூச்சம் வேறு, ஏமாற்றம் வேறு என்று தமிழில் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் "சேட்" என்ற ஒரே சொல் போதாது என்பது தானாகவே புரிந்துவிடுகிறது. எம்பாரஸ்ட், டிஸப்பாயின்டட், டிஸ்கரேஜ்ட் எல்லாம் அதன் பிறகு அகராதிச் சொல்லாக இல்லாமல் தேவைப்பட்ட சொல்லாக வருகிறது.

சரி, இப்போது எதிர்ப்புகளுக்கு வருவோம்.

முதல் எதிர்ப்பு மரியாதை. தாய் தந்தைக்கு அடுத்து, தெய்வத்துக்கும் முன்னால் குருவை வைத்த மரபு நம்முடையது. குருவிடம் போய், "நீங்க எழுதினது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்று சொல்வதா?

பகவத் கீதையைத் திறந்து பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கண்ணன் அர்ஜுனனைக் கடுமையாகவே கண்டிக்கிறான். அதற்குப் பிறகுதான் அர்ஜுனன், நான் உன் சீடன், எனக்குக் கற்றுக் கொடு என்று சரணடைகிறான். சீடன் ஆனதும் அவன் வாய் மூடிவிட்டதா? இல்லை. மூன்றாம் அத்தியாயம் தொடங்கும்போதே குருவிடம் முறையிடுகிறான். செயலைவிட ஞானம் உயர்ந்தது என்றால் என்னை ஏன் இந்தப் பயங்கரமான செயலில் இறக்குகிறாய், கலந்து கலந்து பேசி என் புத்தியைக் குழப்புவது போல இருக்கிறதே, உறுதியாக ஒன்றைச் சொல் என்கிறான்.

அவன் எப்படிச் சொல்கிறான் என்று கவனியுங்கள். "போல" என்று பொருள்படும் "இவ" என்ற சொல் அந்த ஒரே அடியில் இரண்டு முறை வருகிறது. நீ குழப்புகிறாய் என்று குற்றம் சாட்டவில்லை. குழப்புவது போல எனக்குப் படுகிறது என்கிறான். தன் நிலைமையைச் சொல்கிறான், காரணத்தைச் சொல்கிறான், பிறகு என்ன வேண்டும் என்று கேட்கிறான். என் பிள்ளைகள் எழுதும் மூன்று வாக்கியமும் இதே வரிசைதான். கண்ணன் கோபப்படவில்லை. இன்னும் விரிவாக விளக்குகிறான். நான்காம் அத்தியாயத்தில் ஞானம் பெறும் வழியாக வணங்குவதையும் கேள்வி கேட்பதையும் தொண்டு செய்வதையும் சேர்த்தே சொல்கிறான். வணக்கத்தையும் தொண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் கேள்வியை மட்டும் நாம் கழற்றிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது எதிர்ப்பு பெரியவர்களிடமிருந்து வரும். "எங்க காலத்துல ரோத்தான் அடி வாங்கினோம். எந்த டீச்சர்கிட்ட போய் மனசு வலிக்குதுன்னு சொன்னோம்? நல்லாத்தானே இருக்கோம்?" நல்லா இருக்கிறவர்கள்தான் இதைச் சொல்ல இங்கே இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்த வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து, பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுப் போனவரின் குரல் நமக்குக் கேட்பதில்லை.

திருத்தம் எப்போதுமே நன்மை செய்யும் என்பதும் உண்மையில்லை. 1996இல் க்ளூகர், டிநீசி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் நன்மை செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவற்றில், பின்னூட்டம் பெற்ற பிறகு திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து நழுவி "நான் எப்படிப்பட்டவன்" என்ற இடத்துக்குப் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அதே 1996இல் ஜான் டிரஸ்காட், இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இலக்கணத் திருத்தமே வேண்டாம், அதை விட்டுவிடலாம் என்று வாதிட்டார். 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதத்தில் நான் ஃபெரிஸ் பக்கம். திருத்தம் வேண்டும். ஆனால் அது எங்கே போய் விழுந்தது என்று தெரியாமல் திருத்திக்கொண்டே இருப்பது, மருந்து கொடுத்துவிட்டு நோயாளியைப் பார்க்காமல் போகிற மாதிரி.

எங்கே விழுகிறது என்பது சில நேரம் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மாணவி தன் பள்ளியில் கிடைத்த ஒரு குறிப்பைப் பற்றி எழுதினாள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய தன் பாட்டியைப் பற்றிய கட்டுரை அது. அடியில் "குட் எஃபர்ட்" என்று மட்டும் இருந்தது. கோடு இல்லை, திருத்தம் இல்லை. அவள் எழுதிய சொல் "இன்விசிபிள்". "நல்லா எழுதுறவங்களுக்கு நிறைய எழுதுவாங்க அக்கா. எனக்கு எஃபர்ட் மட்டும்தான். பாட்டி கதையைப் படிச்சாங்களான்னே தெரியல" என்றாள். நாம் சிவப்புக் கோடுதான் வலிக்கும் என்று நினைக்கிறோம். இவளுக்கு வலித்தது பாராட்டு. 2007இல் ஜான் ஹேட்டியும் ஹெலன் டிம்பர்லியும் எழுதிய கட்டுரையிலும், வேலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஆளை மட்டும் பாராட்டும் பின்னூட்டம் கற்றலுக்கு மிகக் குறைவாகவே உதவும் என்று வருகிறது. அந்த ஆசிரியரிடம் இவள் பேசியிருந்தால், அவருக்குத் தெரியாத ஒரு செய்தி கிடைத்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது புத்தகத்தை இரவு பன்னிரண்டு மணிக்குத் திருத்துகிற ஒரு மனிதர்.

மூன்றாவது எதிர்ப்புதான் எனக்கு மிகவும் கனமானது. உணர்வைச் சொல்ல அனுமதித்தால், பிள்ளைகள் அதைக் கேடயமாகப் பிடிக்க மாட்டார்களா? "எனக்குக் கஷ்டமா இருக்கு, அதனால திருத்தாதீங்க" என்று ஆரம்பித்தால் படிப்பு என்ன ஆகும்?

இந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில், உணர்வுக்கு எவ்வளவு அதிகாரம் என்று தெளிவாக இருப்பதுதான். "எனக்கு அவமானமா இருந்தது" என்பதை யாரும் மறுக்க முடியாது. "டீச்சர் என்னை அவமானப்படுத்தினார்" என்பது வேறு பேச்சு. அதை விசாரிக்கணும், அவர் பக்கத்தையும் கேட்கணும். "அதனால் அவர் திருத்தியது தப்பு" என்பது மூன்றாவது பேச்சு. முதலாவது உண்மை என்பதால் மூன்றாவது உண்மை ஆகிவிடாது. வலித்தாலும் அந்த வினைச்சொல் தப்பு என்றால் தப்புதான். அதனால்தான் மூன்று வாக்கியத்துக்குப் பிறகு இரண்டாவது முறை எழுதுவது கட்டாயம். உணர்வைச் சொன்னது திருத்தத்திலிருந்து தப்பிக்க இல்லை, திருத்தத்துக்குள் நுழைய.

ஒரு பையன் இதைத் தன் வாயாலேயே சொன்னான். அவன் கட்டுரைகள் மாதாமாதம் சின்னதாகிக்கொண்டே வந்தன. தப்பு குறைந்தது, வாக்கியமும் குறைந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நீளமா எழுதினா நிறைய சிவப்பு வரும். இது சேஃப்" என்றான். எஸ்.பி.எம். எழுத்துத் தாளின் கடைசிப் பகுதியில் 200 முதல் 250 சொற்கள் எழுதணும். பேச்சுத் தேர்வில் இன்னொருவரோடு கலந்துரையாடணும். பாதுகாப்பாக எழுதிப் பழகியவன் அங்கே என்ன செய்வான்? அவன் கேட்ட மூன்றாவது வாக்கியம் இதுதான்: ஒரு கட்டுரையில் ஒரே வகைத் தப்பை மட்டும் குறியுங்கள், மற்றதை அடுத்த முறை பார்க்கலாம். நியாயமான கேள்வி. ஒரு மாதம் அப்படியே செய்தேன். வாக்கியங்கள் மறுபடியும் நீண்டன. தப்புகளும் கூடவே வந்தன. அதற்குத்தானே வகுப்பு?

யாருக்கு இதில் கடமை அதிகம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மாணவனுக்குக் கடமை உண்டு. முதலில் குறிப்பை முழுதாகப் படிக்கணும். வாட்ஸ்அப் குழுவில் புலம்பாமல், எல்லோர் முன்னாலும் கேட்காமல், நேரம் பார்த்து நேராகச் சொல்லணும். ஆனால் பெரிய கடமை ஆசிரியர் பக்கம் என்பது என் முடிவு. திருக்குறளில் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் கெடுக்கப் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். நாம் இந்தக் குறளை மாணவனுக்குத்தான் சொல்வோம், கண்டிப்பை ஏற்றுக்கொள் என்று. ஆனால் வள்ளுவர் பேசுவது அதிகாரத்தில் இருப்பவனிடம். வகுப்பறையில் அதிகாரம் யார் கையில்? சிவப்புப் பேனா வைத்திருப்பவர் கையில். அப்படியானால் தனக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்று தேட வேண்டியவரும் அவர்தான். பதினாறு வயதுப் பிள்ளை தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது போதாது. சொல்ல ஒரு இடமும், சொல்ல ஒரு வாக்கியமும் கொடுக்கணும்.

தம்பி தங்கைகளே, நீங்களும் சீக்கிரமே பேனா பிடிக்கப் போகிறவர்கள். முகாமில் குழுத் தலைவராக இருப்பீர்கள், தேவாரம் பாடும் பிள்ளையின் ராகத்தைத் திருத்துவீர்கள், தம்பியின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பீர்கள். திருத்தி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் சொன்னது உனக்கு எப்படி இருந்துச்சு?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். "ஓகே" என்று வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.