தொண்டும் தொழிலும்

அண்மையில் நம் உபாசகர் ஒருவர், வந்தனை முடிந்தபின், மனத்தாங்கலோடு ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய மகன் பொறியியற் பட்டதாரி. சென்னையில் நல்ல ஊதியம் பெறுபவன். விடுமுறை நாள்களில் திருப்பதி மாவட்டத்து நாகலாபுரம் மலைக்குச் சென்று, சுனைக்கரைகளில் பிறர் எறிந்த பிளாஸ்டிக் குப்பிகளைப் பொறுக்கிக் கோணியில் கட்டி வருகிறான். இப்பொழுது உத்தியோகத்தை விடுத்து, ஓராண்டு அயல்நாட்டில் ஊதியமின்றிச் சுற்றுச்சூழற் பணி செய்யவும் எண்ணுகிறான். "என் தகப்பனார் குப்பை வண்டி தள்ளினார். அந்தக் கூடை என் பிள்ளையின் கைக்கு வரலாகாதென்றே இவனைப் படிக்கவைத்தேன். இவனோ வலிந்து எடுத்துக்கொண்டான். இது தம்மமா, பேதைமையா?" என்றார்.

இவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் நமக்குத் தகாது. நம்மில் பலருடைய இல்லங்களில் உறங்கிக்கிடக்கும் வினா இது.

பிள்ளை செய்யும் காரியம் நற்காரியமே, அதில் ஐயமில்லை. அம்மலைப்பகுதியின் நீரைப் பெறும் ஆரணியாறு, பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்று, பழவேற்காட்டிற்கருகே கடலோடு கலக்கிறது. மேலே எறியப்படுவது கீழே வாழ்வோரை அடையும். நோயுறாத பிக்கு நீரில் எச்சில் உமிழ்தலையும் விநயம் விலக்கிற்று. பெல்ஜியத்திலே பிறந்த பொறியாளர் பீட்டர் வான் கெய்ட் 2008-இல் சென்னையில் தொடங்கிய டிரெக்கிங் கிளப்பைச் சேர்ந்த இளைஞர் பலரும், மலையேற்றத்தில் தொடங்கிக் கடற்கரைத் துப்புரவுக்கு வந்தவர்களே.

அயல்நாடு சென்று உடலுழைப்பால் தொண்டு புரியும் நெறிக்கு முன்னோடியும் ஒரு பொறியாளரே. ஸ்விட்ஸர்லாந்தின் பியேர் செரெசோல் (1879–1945) அந்நாட்டின் அதிபராயிருந்தவருடைய மகன். படைப்பணிக்கு ஈடாக விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றவர். 1920-இல், போரில் பாழான பிரெஞ்சு நாட்டு வெர்தன் நகருக்கருகே ஒரு சிற்றூரில், நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் உள்ளிட்ட சிறு குழுவோடு மண்வெட்டி பிடித்தார். சர்வதேசக் குடிமைத் தொண்டு இயக்கம் அங்கே பிறந்தது. 1934 ஜனவரி 15-இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, அவ்வாண்டே இங்கு வந்து, பாழான கிராமங்களை மீண்டும் அமைக்க உழைத்தார். அதிபரின் மகன் மண் சுமந்தார் என்று உலகம் போற்றிற்று. தகுந்ததே. ஆயின் அதே பீகாரில் தலைமுறை தலைமுறையாய் மண் சுமந்தோரை எவர் போற்றினார்? இது செரெசோலின் குறையன்று. போற்றுவோர் கண்ணின் குறை.

கருமமென நாம் கூறுவது சேதனையையே என்றார் பகவன். விரும்பி எடுத்த கூடையும் விதிக்கப்பட்ட கூடையும் எடையில் ஒன்று. முன்னதை நினைத்தபோது இறக்கி வைக்கலாம்; பின்னதை இறக்கினால் அன்றைய கூலி போகும், சில ஊர்களில் அடியும் விழும். இவ்வேற்றுமையை மறைத்துப் பேசும் எவரையும் நாம் நம்பலாகாது. "குப்பை அள்ளுதல் புனிதத் தொழில்" என்று மேடையில் முழங்குவோர், அப்புனிதத்தைத் தம் பிள்ளைகளுக்கு ஏனோ விட்டுச்செல்வதில்லை.

தேரகாதையிற் காணும் சுநீதர் வாடிய பூக்களைப் பெருக்கி வயிறு வளர்த்தவர். பகவன் அவரைக் கண்டபோது, "உன் தொழில் உயர்ந்தது, அதிலேயே இரு" என்று வாழ்த்திவிட்டு அகலவில்லை; சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். டாக்டர் அம்பேத்கர் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இவ்வரலாற்றைச் சேர்த்ததன் கருத்தை நம் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. மனிதக் கழிவை மனிதன் கையால் அகற்றுதலை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் விலக்கியும், கழிவுநீர்க் குழிகளில் இறங்கி மாள்வோர் நின்றபாடில்லை.

எனின், நம் பிள்ளைகள் குனியவே கூடாதா? வயிற்றுக் கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். தாமே நீர் வார்த்தார். ஆனந்தர் உடலைக் கழுவினார். இருவருமாகத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். அதன்பின் பிக்குகளைக் கூட்டி, இவரை ஏன் ஒருவரும் பேணவில்லையென வினவி, ஒருவரையொருவர் பேணுதலைச் சங்கம் முழுமைக்கும் கடமையாக்கினார். குனிந்தது முதற்படி. அசுத்தம் நீக்கும் பணி ஒருவர் தலையில் மட்டும் விழாதவாறு ஏற்பாட்டை மாற்றியது அடுத்த படி. பொறியாளன் கல்வி இவ்விரண்டாம் படிக்கே மிகவும் வேண்டப்படுகிறது என்பது நம் எண்ணம். குழியில் மனிதன் இறங்காதிருக்கும் பொறியை அமைப்பதும், எறியப்படும் பொருளையே குறைப்பதும் அவன் கல்வியின் பாற்பட்டவை.

இவ்வாறெல்லாம் அந்த உபாசகரிடம் கூறி, மகனைத் தடுக்க வேண்டா என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மலையிலிருந்து இறக்கிய கோணியை அடிவாரத்தில் யார் கையில் கொடுக்கிறானாம்?" என்று கேட்டார். வரும் ஞாயிறன்று மகனோடு தாமும் நாகலாபுரம் சென்று பார்ப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.