ஆளில்லாப் பெயரின் விலை

டில்லியில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் ஒருவர், ஜியோவின் காணொளிச் சேவையும் ஹொட்ஸ்டாரும் ஒருநாள் ஒன்றாகும் என்று 2023இல் கணித்து, ‘ஜியோஹொட்ஸ்டார் டொட் கொம்’ என்ற இணையப் பெயரைத் தன் பேரில் பதிந்து வைத்தார். கணிப்பு பலித்தது. 2024 ஒக்டோபரில் அந்தப் பக்கத்திலேயே ஒரு கடிதம் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் தான் படிக்க ஆசைப்படும் படிப்புக்கு, ஜியோவின் உரிமையாளரான ரிலையன்ஸ் பணம் கட்டினால் பெயரைக் கொடுத்துவிடுவதாக அதில் சொன்னார். கேட்ட தொகை 93,345 பவுண். நிறுவனம் மறுத்தது. பெயர் டுபாயில் வாழும், அண்ணனும் தங்கையுமான சிறுவர் இருவரிடம் போனது. அவர்கள் அதை ரிலையன்ஸுக்குச் சும்மாவே தருவதாகச் சொன்னார்கள். சில வாரங்களில் அந்தப் பெயருக்கு 93,345 பவுண் என்ற விலையும் இருந்தது, பூச்சியம் என்ற விலையும் இருந்தது. அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் அதன் பெறுமதி எது? யாரும் குடியிராத ஒரு பெயரைப் பிடித்து வைத்திருந்து, அது தேவைப்படுகிறவர் வரும்போது அவரது தேவைக்கேற்ப விலை சொல்வது நியாயமான பிழைப்பா? சட்டத்தரணிகள் இதைத் தங்கள் கேள்வி என்பார்கள். எனக்கு இது முதலில் அறத்தின் கேள்வியாகப் படுகிறது.

இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் ஒரு பெயரை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடக்கிறது. எழுத்துகள் குறைவா, அகராதியில் உள்ள சொல்லா, முடிவில் ‘டொட் கொம்’ இருக்கிறதா, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், இதுபோன்ற பெயர் முன்பு என்ன விலைக்குப் போனது: இவைதான் அளவுகோல்கள். ‘பிசினஸ் டொட் கொம்’ 1997இல் ஒன்றரை இலட்சம் டொலருக்குக் கைமாறி, 1999இல் 75 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. 2019இல் ‘வொய்ஸ் டொட் கொம்’ மூன்று கோடி டொலருக்குப் போனது. வணிகம், குரல் என்ற சொற்களுக்கு அந்தப் பெறுமதியை ஏற்றியவர்கள் அவற்றைப் பதிந்தவர்கள் இல்லை. நூற்றாண்டுகளாக அவற்றைப் பேசி, எழுதி, அவற்றின் பேரில் பிழைத்த மனிதர்கள். மேலே சொன்ன அளவுகோல் ஒவ்வொன்றும் பிறருடைய பேச்சையும் பிறருடைய தேடலையும்தான் அளக்கிறது. 2010இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் முடிவு அனுமதிக்கப்பட்டும் அதில் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லுக்காகச் சண்டை பிடிப்பார் இல்லை. தமிழில் தட்டச்சு செய்து தேடுகிறவர்கள் குறைவு, அதனால் விலையும் இல்லை. நம்முடைய சோம்பலுக்குச் சந்தை போட்ட புள்ளி அது.

பெறுமதி வாங்குகிறவர் பக்கமிருந்து வருகிறது என்றால், அதை விற்கிறவர் காசாக்கலாமா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவைனாஸ் இதற்கு மிக அருகே நின்று யோசித்திருக்கிறார். நீதியான விலை பற்றி அவர் ஒரு நுட்பமான கோடு கீறுகிறார். ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்கிறவருக்கு உண்மையான இழப்பு வருமானால், அந்த இழப்பையும் விலையில் சேர்க்கலாம். வாங்குகிறவருக்குப் பெரிய நன்மை கிடைக்கிறது, விற்கிறவருக்கு இழப்பேதும் இல்லை என்றால், அந்த நன்மையைக் காட்டி விலையை ஏற்றக்கூடாது. அந்த நன்மை வாங்குகிறவரின் நிலைமையில் பிறந்தது. தன்னுடையதல்லாததை எவரும் விற்க முடியாது. இணையப் பெயர்ப் பிணக்குகளுக்கென்று 1999இல், அப்பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு ஏற்படுத்திய கொள்கையும், இறையியல் எதையும் பேசாமலே, ஏறக்குறைய இதே கோட்டில் வந்து நிற்கிறது. வர்த்தகக் குறி உடைய ஒருவருக்கு விற்பதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு, அந்தப் பெயருக்காகத் தான் செலவழித்ததாகக் காட்டக்கூடிய தொகைக்கு மேல் கேட்கப் பதிந்திருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று என்கிறது அது. எழுநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: உனக்கு என்ன செலவு?

இஸ்லாமியச் சட்ட மரபு இதை வேறு வாசலால் அணுகுகிறது. யாருக்கும் உரித்தில்லாத தரிசு நிலத்தைப் பயிரேற்றி உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம். சுற்றிக் கல் நட்டு எல்லை போட்டால் மட்டும் உரிமை முழுமையாகிவிடாது. அப்படிக் கல் நட்டுவிட்டு மூன்றாண்டுகள் சும்மா விட்டவருக்கு அதன்மேல் உரித்துக் கிடையாது என்பது கலீபா உமரின் தீர்ப்பாகச் சொல்லப்படுகிறது. விற்பனைக்கு என்ற ஒரே வரியோடு நிற்கும் இணையப் பக்கம் இந்தக் கல் நடுதலேதான். டெனிஸ் டோப்பன் என்ற அமெரிக்கர் ‘பனாவிஷன் டொட் கொம்’ பெயரைப் பிடித்து, கேமரா நிறுவனமான பனாவிஷனிடம் 13,000 டொலர் கேட்டார். பக்கம் வெறுமையாக இல்லை என்று காட்ட இலினோய் மாநிலத்திலுள்ள பானா என்ற சிற்றூரின் படங்களை அதில் போட்டிருந்தார். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நம்பவில்லை. பயன்படுத்துவதும் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொள்வதும் வேறு வேறு என்பதைப் பழைய சட்ட அறிஞர்கள் நீதிபதிகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள்.

இலங்கையின் சபரகமுவ மண்ணில் இந்த வாதத்தைக் கேட்பவர்களுக்குப் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வரவேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. பிறகு அவை ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. ஆட்சியின் உயர் அதிகாரிகளே வாங்கினார்கள். சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கிராமம் ஆண்டுவந்த காட்டைக் கடதாசியில் ‘வெறும் நிலம்’ என்று எழுதிவிட்டால் விலை மலிந்துவிடும். அந்த நிலத்தைப் பெறுமதியாக்கியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். அவர்களது வழித்தோன்றல்களில் பலருக்கு இன்றும் லயன் காம்பிராவுக்கு உறுதி கிடையாது. முதலில் பதிந்தவன் ஒருவன், பெறுமதி ஏற்றியவன் இன்னொருவன் என்ற கணக்கு இணையத்தோடு பிறந்ததல்ல. இதே சபரகமுவவில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில் எம்பிலிப்பிட்டியாவைச் சுற்றி வளவைக் குடியேற்றம் வந்தபோது வேறொரு கொள்கை நடந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்ற விவசாயி நிலத்தைப் பயிரிட்டே ஆகவேண்டும். நினைத்தபடி விற்கவும் முடியாது. அந்தக் கட்டுப்பாடு விவசாயியின் கையைக் கட்டிவிட்டது, வங்கிக் கடன் பெறுவதைக்கூடக் கடினமாக்கியது என்ற குறை நியாயமானது. ஆனாலும் வைத்திருக்கும் உரிமை பயன்பாட்டிலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. இணையப் பெயர்களில் ஆண்டுக் கட்டணம் கட்டினால் போதும், பயிரிடு என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. முன்கூட்டிக் கணிப்பதும் உழைப்புத்தானே? நூறு பெயர் பிடித்து வைத்தவருக்கு ஓர் ஆண்டில் ஒன்றிரண்டு விற்றாலே பெரிது. மீதி எல்லாவற்றுக்கும் வருடா வருடம் கட்டணம் கட்டி அவர் நட்டப்படுகிறார். இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுகிறவரும் அப்படித்தான்; ‘இல்லம்’ எனும் மாணிக்க மண்ணைக் கழுவிக் கழுவி மாதக் கணக்கில் வெறுங்கையோடு போவார், என்றோ ஒரு நீலம் கிடைக்கும். அவரை யாரும் திட்டுவதில்லையே! மறுப்பின் பாதியை நான் ஏற்கிறேன். விற்காத பெயர்களின் நட்டம் உண்மையான செலவு; விற்ற பெயரின் விலையில் அதன் பங்கு சேரலாம். மறு பாதியை ஏற்க முடியாது. நிலத்தடியில் கிடந்த நீலத்தை எடுக்கும்போது யார் வீட்டு வாசலும் அடைபடுவதில்லை. கிடைத்ததில் காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், நீர் இறைக்கும் இயந்திரக்காரர், குழியில் இறங்கியவர் என்று பங்கு வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. கல்லைப் பெறுமதியாக்க உதவியவர்களைக் கணக்கில் எடுக்கும் முறை அது. பெயர் வியாபாரத்தில் அந்தச் சொல்லைப் பெறுமதியாக்கியவரிடமே முழு விலையும் கேட்கப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு சாதாரணமானது, ஆனால் பலர் அதில் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்: பெயர் அரிசி அல்ல, இல்லாவிட்டால் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே. ரிலையன்ஸுக்கு இது பொருந்தும். அதற்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், வர்த்தகக் குறி இருக்கிறது, 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இணையப் பெயருக்கும் வர்த்தகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. ஒரு தோட்டத்துக் கோயில் பரிபாலன சபையையோ எம்பிலிப்பிட்டியாவில் தயிர் விற்கும் சிறு கூட்டுறவையோ எடுத்துக்கொள்வோம். முப்பது வருடமாக ஊர் அறிந்த பெயர், பதிந்த குறி கிடையாது. அந்தப் பெயரை யாரோ பிடித்துக்கொண்டு, பெயர்ப்பலகையும் பொதியும் அச்சடித்தாயிற்று என்று தெரிந்த பிறகு விலை சொன்னால், பெரும்பாலும் அவர்களுக்குப் போக இடமில்லை. சட்டம் பலசாலியைக் காக்கும் இந்த இடைவெளியில்தான் மனச்சாட்சிக்கு வேலை இருக்கிறது. ஆகவே ஜியோ விவகாரத்தில் பலர் சிறியவன் பெரியவனை மடக்கினான் என்று மகிழ்ந்தது எனக்கு உறுத்துகிறது. அதே முறையைப் பெரியவன் கையில் எடுத்தால் எந்த வாயால் கண்டிப்பது?

இத்தனையும் சொல்லி இதைப் பாவத் தொழில் என்று நான் முத்திரை குத்தவில்லை. பௌத்த உபாசகர் செய்யலாகாது என்று அங்குத்தர நிகாயம் சொல்லும் ஐந்து வணிகங்கள் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு; பெயர் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வராது. வள்ளுவர் வணிகனின் அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தார். அந்த இடம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் கேள்வி எதை விற்கிறாய் என்பதல்ல, இரு பக்கத்தையும் எப்படி நிறுக்கிறாய் என்பது. நடுவாக நிறுக்கிற ஒரு பெயர் வியாபாரி பதிவுக் கட்டணத்தையும் இத்தனை ஆண்டு புதுப்பித்த செலவையும் கூட்டலாம். விற்காத பெயர்களின் நட்டத்தில் நியாயமான பங்கையும், நம்பிக்கையான வேறொருவரின் கேள்வியைக் கைவிட்டிருந்தால் அந்த இழப்பையும், தேடிப் பிடித்ததற்கு ஒரு கூலியையும் சேர்க்கலாம். எதிரில் நிற்பவர் பெயர்ப்பலகை அடித்துவிட்டார் என்ற செய்தியை மட்டும் சேர்க்கக்கூடாது.

இந்தக் கணக்கு விலையைக் கீழே மட்டும் இழுக்காது. வட கரோலினாவில் கணினி வியாபாரம் செய்த உசி நிசான் தன் குடும்பப் பெயரில் ‘நிசான் டொட் கொம்’ முகவரியை 1994இல் பதிந்தார். 1999இல் அதே பெயருள்ள கார் நிறுவனம் ஒரு கோடி டொலர் இழப்பீடு கேட்டு அவர்மேல் வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2020இல் இறக்கும்வரை அவர் பெயரை விடவில்லை. அது அவர் குடியிருந்த பெயர். அவர் விற்க இசைந்திருந்தால், பிழைப்பும் தகப்பன் வழி வந்த பெயரும் போகும் இழப்புக்காக எவ்வளவு கேட்டிருந்தாலும் அக்குவைனாஸின் கோடு அதைத் தடுத்திருக்காது.