தலைப்பாகையும் தாழ்மையும்

அய்யா துணை



பதிக்குள் செல்லும் ஆண்மக்கள் மேலாடை களைந்து, தலைப்பாகை கட்டி அய்யாவின் முன் நிற்கிறார்கள். முதன்முறையாக வருகிறவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். பணிந்து நிற்க வேண்டிய சன்னிதியில் தலைப்பாகை எதற்கு?

அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தலைப்பாகை கட்ட உரிமை இல்லை. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது. மேலோர் என்று சொல்லிக்கொண்டவர்களின் முன் கூனிக் குறுகி ஒதுங்கி நிற்க வேண்டும். அது பணிவல்ல, பயம். அந்தப் பயத்தை மக்களின் முதுகிலிருந்து இறக்கி வைக்கவே அய்யா அவர்கள் தலையில் தலைப்பாகையை ஏற்றினார்.

மக்களின் தலையை உயர்த்திய அய்யா, தம்மை எங்கே வைத்துக்கொண்டார்? கொல்லம் ஆண்டு 1008 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்து, இன்று சுவாமிதோப்பு என்று வழங்கும் இடத்தில் ஆறாண்டு தவமிருந்தார். அதில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள் நின்றார். காண வந்த ஏழைகள் மேலே நின்றார்கள். அகிலம் ஆள வந்த தெய்வம் அவர்கள் காலடி மண்ணுக்கும் கீழே நின்றது. தாழ்மைக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

ஆகவே அய்யாவழியில் பணிவு என்பது மனிதனுக்கு மனிதன் அஞ்சி நிற்பதல்ல. அய்யாவின் முன் அகந்தையைக் கழற்றி வைப்பது. தலை நிமிர்ந்திருக்கலாம், மனம் தாழ்ந்திருக்க வேண்டும்.

பள்ளியறையில் விளக்குகளுக்கு நடுவே கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் நாமம் தரித்த தம் முகத்தைக் காண்கிறார். "அய்யா எனக்குள்ளே இருக்கிறார்" என்று மகிழ்கிறார். நல்லது. ஆனால் அதே கண்ணாடியில் பக்கத்தில் நிற்பவரின் முகமும் தெரிகிறது. அந்த நெற்றியிலும் அதே நாமம்தான். தன்னில் அய்யாவைக் கண்டு, அடுத்தவரில் காண மறுப்பவர் பாதி தரிசனத்தோடு திரும்புகிறார்.

இன்று சில தாங்கல்களில் நடப்பதை அன்பர்கள் அறிவார்கள். திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, ஏடு வாசிப்பில் யார் முன்னால், வாகனத்தை யார் தோள் தாங்குவது என்று மனத்தாங்கல் வருகிறது. அண்ணன் தம்பி பேசாமல் போகிறார்கள். கட்டிய தலைப்பாகை தலைக்கனமாக மாறிவிட்டால், அய்யா கொடுத்த மரியாதையை அவர்களே கீழே போட்டதாகும்.

இன்னொரு வகையினரும் உண்டு. "கடனாளி நான், தவறு செய்தவன் நான், எந்த முகத்தோடு பதிக்குப் போவேன்?" என்று வாசலோடு நின்றுவிடுகிறார்கள். அதுவும் பணிவாகாது. காணிக்கையையும் பலியையும் விலக்கிய அய்யா, வெறுங்கையோடு வருகிறவரை எப்படி விலக்குவார்? பதினெட்டுச் சாதியும் ஒன்றாக நீராடிய முத்திரிக் கிணறு அவருக்கும் உரியது. பதமிட்டு உள்ளே வரட்டும்.

அய்யாவின் அருகில் இருக்க விரும்புகிறவர் பதி முற்றத்தில் விளக்குமாறு எடுக்கலாம். வந்தவர்களுக்குத் தண்ணீர் கோரிக் கொடுக்கலாம். தர்மம் வழங்கும்போது எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அமரலாம். உகப்படிப்புக்கு நிற்குமுன், பேச்சு நின்றுபோன உறவினரிடம் முதலில் வாய்திறக்கலாம். இவற்றுக்குப் பணமோ பதவியோ வேண்டியதில்லை.

குழிக்குள் நின்றவரைக் காண வேண்டுமானால் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

அய்யா உண்டு.