வேலிக்கு அப்பால் சென்ற இரைச்சல்

ஒருவர் தமது சொந்தக் காணியில் அரிசி ஆலை ஒன்றை நிறுவுகின்றார். காணி அவருடையது, இயந்திரமும் அவருடையதே. ஆனால் அதன் இரைச்சல் வேலியோடு நின்றுவிடுவதில்லை. வேலி கடந்து அயலவரின் படுக்கையறைக்குள் நுழையும் அந்த இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

நமது நாட்டுச் சட்டம் இதற்கு எண்களால் விடை கூறுகின்றது. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, ஆலையின் எல்லையில் இரவு நேர இரைச்சல் பிரதேச சபைப் பகுதியில் 45 டெசிபெல்லையும், மாநகர, நகர சபைப் பகுதிகளில் 50ஐயும், ஏற்றுமதி வலயங்களிலும் கைத்தொழிற் பேட்டைகளிலும் 60ஐயும் தாண்டலாகாது. 45க்கும் 60க்கும் இடையே பதினைந்துதானே என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபெல் பத்துக் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும். பதினைந்து கூடினால் ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு!

ஏன் இந்த வேறுபாடு? பட்டினம் ஏற்கெனவே இரைச்சலானது, இன்னும் சிறிது சேர்வது பெரிதாய்த் தோன்றாது என்பதே காரணம். இது பழைய நியாயம். 1879இல் இங்கிலாந்தில், மிட்டாய் தயாரிப்பவர் ஒருவரின் உரல் இடிக்கும் சத்தத்துக்கு எதிராக அயலிலிருந்த மருத்துவர் தொடுத்த வழக்கில், மருத்துவரே வென்றார். ஆனால் அத்தீர்ப்பில் நீதிபதி தெசிகர், செல்வந்தர் வாழும் பெல்கிரேவ் சதுக்கத்தில் தொல்லையாவது, தோல் பதனிடுவோரின் பேர்மொண்ட்சியில் தொல்லையாக வேண்டியதில்லை என்ற கருத்தையும் கூறி வைத்தார்.

வாசகரே, இங்கேதான் நமது மனச்சாட்சி சற்றுத் தயங்க வேண்டும். ஆலையோரம் குடியிருப்பவர் யார்? பெரும்பாலும் எளியவரே, வாடகை அங்கேதான் மலிவு. 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தைச் சூழ்ந்த விடுதிகளைப் பாருங்கள். இரவு முறை வேலை முடித்து வரும் பெண்பிள்ளைக்கு உறங்கும் நேரம் பகல். வலயத்தின் பகல் வரம்போ 70. சட்டம் இடத்தை அளக்கின்றது, மணிக்கூட்டைப் பார்க்கின்றது, உறங்குபவரைப் பார்ப்பதில்லை. வைத்தியசாலையிலிருந்து நூறு மீற்றருக்குள் அது அமைதி வலயம், இரவில் 45. அங்கே படுத்திருந்த நோயாளி நகரத்திலுள்ள தம் வீட்டுக்குத் திரும்பியதும் 50ஐப் பொறுத்துக்கொள்ள வேண்டும்! நோய் அவரை விட்டுவிட்டதா, என்ன?

பட்டினத்தைக் கிராமமாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது என்பதும் மெய்யே. ஆயினும் சட்டத்தின் எண் அனுமதி மட்டுமே. அயலவருக்குரிய கடன் அதனால் தீர்ந்துவிடுவதில்லை. இயந்திரத்தின் அடியில் இறப்பர் மெத்தை வைப்பதற்கும், அதை அயல் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவதற்கும், இரவு வேலையைப் பகலுக்கு மாற்றுவதற்கும் வர்த்தமானி அறிவித்தல் தேவையில்லை.

ஆலைக்காரரை மட்டும் குறை கூறுவானேன்? இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. நமது ஆலயத் திருவிழாக்களும் அதற்குள் அடங்கும். அதுபற்றி இன்னொரு வாரம் பேசுவோம்.