ஆறு தாய்மார் ஊட்டிய பிள்ளை



போன வாரம் எங்க பட்டியில ஒரு செம்மறி ரெண்டு குட்டி போட்டுச்சு. சின்னது எந்திரிக்கவே இல்ல. மடிகிட்ட கொண்டு போனாலும் சப்பத் தெரியல. "முருகா, காப்பாத்துப்பா"ன்னு கண்ணை மூடி நின்னேன்.

அப்பத்தா அதட்டுச்சு: "கும்பிட்டது போதும்டா. குட்டி வாயில விரலை விட்டுப் பாரு."

உள்ள சில்லுன்னு இருந்துச்சு. அப்படிக் குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது. சாக்கால துடைச்சு, நெஞ்சோட அணைச்சு, முதல்ல சூடேத்தினோம். வாய் வெதுவெதுன்னு ஆனதும் தாயோட சீம்பாலைக் கறந்து, விரல்ல தொட்டுத் தொட்டுச் சப்பவிட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, விடிய விடிய. காலையில வாலை ஆட்டிக்கிட்டு அதுவே மடியைத் தேடிப் போச்சு!

அப்போதான் புரிஞ்சது. சரவணப் பொய்கையில் தவழ்ந்த நம் கந்தனுக்கே கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டினார்கள். அதனால்தான் அவன் கார்த்திகேயன். உலகைக் காக்கும் சாமி, தனக்கு ஊட்டியவர்களின் பெயரையே தன் பெயராகச் சுமக்கிறான்.

நான் கூப்பிட்டப்போ அவன் வராமல் இல்லை. அப்பத்தா அதட்டலா வந்தான்.

இன்னைக்கு உங்க பக்கத்துல பசியோட இருக்கிற ஒரு உயிருக்கு ஊட்டிட்டு, அப்புறம் விளக்கேத்துங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!