தபீத்தாளின் தையல்

அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் வரும் தபீத்தாள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. யோப்பா பட்டணத்துக்காரி, கிரேக்கத்தில் தொற்காள் என்பார்கள். வியாதிப்பட்டு இறந்துபோகிறாள். பேதுரு வந்து மேல்வீட்டுக்குள் நுழைந்ததும், அங்கே நின்ற விதவைகள் அழுதுகொண்டே அவள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் துணிமணிகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் நல்லவள், பக்தியுள்ளவள் என்று அவர்கள் பேசியதாக ஒன்றுமில்லை. துணியைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

தையல் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஒரு தொழில் சந்தேகம் வரும். அந்த அங்கிகளின் தையல் கோணலாக இருந்திருந்தால்? கக்கத்தில் விட்டுப்போயிருந்தால்? அப்போதும் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியிருப்பார்களா?

சும்மா கிடந்த இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. 14 வயது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையிலிருந்து ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு உடுப்பு கொடுப்பது வழக்கம். இந்தத் தடவை தானே ஒரு கவுன் தைத்துக் கொடுக்கப்போவதாக வந்து நின்றாள். அதுவரை மெஷினைத் தொட்டதில்லை. ஆனால் அன்றைக்கே கவுன் தைத்தாக வேண்டும்.

நான் கொடுத்தது கோடுபோட்ட நோட்டுத் தாள். ஊசியில் நூல் கோக்காமல், தாளை, துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். மிதி மெஷினில் முதலில் பழகவேண்டியது கால்தான். கால் ஒரு தாளத்துக்கு வராவிட்டால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிடும்; நூல் கோத்திருந்தால் சிக்கி அறுந்துபோகும். நேர்கோடு படிந்ததும் வளைவு, வளைவுக்குப் பிறகு மூலை. மூலைக்கு வந்ததும் ஊசியை உள்ளே இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் திருப்பவேண்டும். அவள் முகத்தில் சலிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

துணி கொடுத்ததும் பின்னாலிருந்து இழுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் இழுப்பார்கள். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து முறியும். அடியிலிருக்கும் பல்லே துணியை நகர்த்திக்கொண்டு போகும். கை பக்கத்தில் இருந்து வழிகாட்டினால் போதும். ‘ஊசியைப் பாக்காத, ஃபுட்டோட ஓரத்தப் பாரு’ என்றேன். துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக்கொத்தாக வந்தது. பாபினைக் குறைசொன்னாள். அடியில் கொத்தாக வந்தால் பெரும்பாலும் தப்பு மேல்நூலில்தான் இருக்கும். ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்திருக்கிறாள். நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காரவில்லை.

ஒருவழியாகக் கவுனின் இரண்டு பக்கத்தையும் மூட்டினாள். தையல் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது, உள்ளே பிசிறு. ‘பிரிச்சிரு’ என்றேன். கண் கலங்கிவிட்டது.

‘ஆச்சி, ஆண்டவர் மனசத்தான பாக்காரு? ரெண்டு காசு போட்ட விதவகிட்ட அவரு கொறையா கண்டாரு?’

ஞாயிறு பள்ளியில் ஒழுங்காகக் காதுகொடுக்கிற பிள்ளை. மாற்கு 12இல் அந்த ஏழை விதவை மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் போட்டாள் என்றுதான் இயேசு சொல்கிறார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் காசு வேறு, கவுன் வேறு. காசு யார் கையிலிருந்து விழுந்தாலும் காசுதான். போட்டவளுக்குக் கை நடுங்கினாலும் அதன் மதிப்பு குறையாது. கவுனை ஒரு பிள்ளை உடுத்தவேண்டும். உடுத்திக்கொண்டு ஓடவேண்டும், குனியவேண்டும், கல்லில் அடித்துத் துவைக்கவேண்டும். காணிக்கைப் பெட்டியண்டை நிற்பது கொடுக்கிறவளும் கடவுளும் மட்டும். உடுப்பு விஷயத்தில் மூன்றாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கொடுத்தவளின் மனசு தெரியாது. கக்கத்தில் உரசுகிற பிசிறு தெரியும். மனசு போதும் என்று நாம் சொல்லும்போதெல்லாம் இவளைத்தான் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறோம். சபைக்கு வரும் துணிமூட்டைகளைப் பிரித்து அடுக்குகிற வேலை எனக்கு உண்டு. பட்டன் இல்லாத சட்டை, ஜிப் போன பேண்ட். கொடுத்தவர்கள் ஒருவரும் கெட்ட மனசுக்காரர்கள் இல்லை.

யாத்திராகமம் 28இல் ஆரோனுக்கு ஆசாரிய உடுப்பு செய்யவேண்டி வருகிறது. பக்திமான்களாகப் பார்த்துக் கூப்பிடு என்று மோசேக்குக் கட்டளை வரவில்லை. விவேகமுள்ள வேலைக்காரர்களோடு பேசு என்கிறார் கடவுள். அவர்களை ஞானத்தின் ஆவியால் நிரப்பியது தானே என்றும் சொல்கிறார். கைத்திறனைப் பக்திக்கு மேலே தைத்த அலங்காரப் பட்டை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நின்று வாசிக்கலாம்.

எங்கள் தெற்கே நடந்ததையும் சொல்லவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து அங்கேயும் தொடங்கினார். நாகர்கோவில் அப்போது இருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை நடந்த காலம் அது. 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. லேஸில் கிடைத்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. முதல் தடவை இரக்கப்பட்டு வாங்கியவர்கள் இருந்திருக்கலாம். இரண்டாம் தடவை வாங்கவைத்தது பின்னலின் சுத்தமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் எங்கள் சபைப் போதகர் ஐயரவாளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, ‘கிரியையினால இரட்சிப்புன்னு சொல்ல வாறீங்களா டீச்சர்?’ என்று கேட்டார். தைக்கிறவளின் இரட்சிப்பைப் பற்றி நான் பேசவில்லை ஐயா, உடுத்துகிறவளின் கக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது என்பது அவர் கட்சி. அதிலும் ஏதோ இருக்கிறது.

பிள்ளை பிரித்தாள். ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கம் நூலை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். இந்தத் தடவை துணியின் நல்லபக்கம் வெளியே இருக்க ஓரமாக ஒரு தையல் ஓட்டி, பிசிறை நறுக்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மறுபடியும் தைக்கச் சொன்னேன். பிசிறு உள்ளே அடைபட்டுவிடும். கீழ்மடிப்பில் 3 அங்குலம் விடவைத்தேன். பிள்ளை வளர வளர இல்லத்தில் யாராவது பிரித்து இறக்கிவிடலாம். அவள் விரலால் உள்தையலைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் குத்தவில்லை.

அப்புறம் கேட்டாள், ‘பை வைக்கலாமா ஆச்சி?’

தானத்துக்குத் தைக்கிற கவுனில் பை வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. துணியும் நேரமும் செலவு என்றேன்.

‘அப்ப அந்தப் பிள்ள முட்டாய எங்க வைக்கும்?’

அளவு எடுப்பதில் எத்தனை தேர்ந்தவளாக இருந்தாலும் இந்தக் கேள்வி அளவுநாடாவிலிருந்து வராது. இது அவள் மனசிலிருந்து வந்தது. ஐயரவாள் பக்கத்தில் இருந்திருந்தால் ஜெயித்துவிட்டதாகச் சிரித்திருப்பார்.

மிஞ்சின வெட்டுத்துண்டில் பைக்கு அளவெடுத்து வைத்திருக்கிறோம். பையின் வாயில் இரண்டு மூலையிலும் முக்கோணமாக இரட்டைத் தையல் விழவேண்டும், இல்லாவிட்டால் முட்டாயோடு பையும் கிழிந்து தொங்கும். அதற்கு மூலை திருப்புவது நன்றாக வரவேண்டும். மறுபடியும் நோட்டுத் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.